சூட்டுக்கத்தி ஒட்டு

அபிஜானில், பதினோராவது மாடி ஓட்டலில்
ஒரு செருப்புக்கு விழா எடுத்தார்கள்.
'லெக்கே திரும்பி வந்துவிட்டது' என்று
கண்ணாடி மாதிரித் தாளில் அழைப்பிதழ்.
எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை.
எச்சில் தட்டு எடுக்க வந்தவள் நான்.
சமையலறைத் தரை எப்போதும் ஈரம்,
அதனால் என் காலிலும் லெக்கே.

விளக்கடியில் வரிசையாய் நின்றன:
இளஞ்சிவப்பு, எலுமிச்சைப் பச்சை,
ஜிகினாத் தூள் உறைந்த நீலம்.
பாரிஸில் படித்த பெண்ணொருத்தி ஒலிவாங்கியில் சொன்னாள்:
குழந்தைப் பருவத்தின் வாசனை இது,
மழை, தெருப்பந்து, விடுதலை.
கைதட்டினார்கள்.

அந்த வாசனை எனக்குத் தெரியும்.
யோப்பூகோன் தார்ச்சாலையில் மதியம் இரண்டு மணிக்கு
பிளாஸ்டிக்கும் பாதமும் சேர்ந்து வேகும் வாடை.
தலைமையாசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு
வாசலோடு என்னைத் திருப்பியனுப்பிய வாடை.
மூடின ஷூவோடு வா, என்றார்.
அந்த ஷூவின் விலைக்கு எங்கள் வீட்டில்
ஒன்பது நாள் மரவள்ளி வெந்திருக்கும்.

கிளாஸ்களை அடுக்கக் குனிந்தபோது
யாரோ என் காலைப் படம் எடுத்தார்.
வட்டக் கண்ணாடி, கழுத்து வரை பொத்தான்.
"பழைய அச்சு! அசல்!" என்றார்.
பிறகு மண்டியிட்டார்.
என் முன்னால் ஓர் ஆண் மண்டியிட்டது அதுதான் முதல் தடவை,
என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடது வார் போன வருஷம் அறுந்தது.
கரியடுப்பில் கத்தியைச் சிவக்க வைத்து
வாளி மூடியின் நீலத்தில் ஒரு துண்டை உருக்கி
நானே ஒட்டினேன்.
பழுப்பு வலைக்குள் அந்த நீலம்
ஈ செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும்.
அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.
"யார் செய்தது?"
நான்தான்.
"உங்கள் பெயர்?"
டெல்ஃபின் ஸூஸுவா.
எழுத்தெழுத்தாய்க் கேட்டுக் குறித்துக்கொண்டார்.
என் சம்பளச் சீட்டில் ஒரு எழுத்து எப்போதும் குறையும்,
பதினாலு வருஷமாய்.

விற்பீர்களா என்றார்.
சிரித்துவிட்டுப் போகட்டும் என்று
முப்பதாயிரம் பிராங்க் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எண்ணினார்.
ஐம்பது சொல்லாத என் வாயை
பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வைதேன்.

இரவு வேனில் ஓட்டலின் குளியலறைச் செருப்போடு போனேன்,
வெள்ளைத் துணி, முதல் குழியிலேயே சேறு.
பக்கத்தில் இருந்த பையன் கீழே பார்த்தான்.
என் பாதத்தில் லெக்கே அப்படியே இருந்தது:
கட்டம் கட்டமாய், கருப்பும் அதைவிடக் கருப்புமாய்,
வெயில் பின்னிய வலை.
அதை அவர் விலை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

காலையில் அஜாமே சந்தைக்குப் போனேன்.
லாசினாவின் கடையில் மூட்டை மூட்டையாய்த் தொங்கும் அதே சாமான்.
நாலாயிரம், என்றான்.
போன மாசம் ஆயிரத்தைந்நூறுதானே, பாவி?
"அப்போ அது செருப்பு, அக்கா."

சண்டை போட்டேன், அவன் அம்மாவை இழுத்தேன்,
டீ குடித்தோம், மறுபடி சண்டை.
மூவாயிரத்துக்கு இறங்கினான்.
ஆறு ஜோடி வாங்கினேன், எல்லாம் பழுப்பு.

மகள் பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்தினேன்.
புத்தம்புதுசு, இன்னும் எண்ணெய் மினுங்குகிறது.
இடது வாரை இரண்டு கையாலும் பிடித்து
அறுகிறவரை இழுத்தேன்.
லேசில் அறவில்லை. நல்ல சரக்கு.
அடுப்பில் கத்தி சிவக்கிறது.
வாளி மூடியில் நீலம்
இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.